நிழல் மறைந்தது, கடல் ஒளிர்ந்தது: திருவொற்றியூர்க் குடும்பம் ஒன்றின் கோடைக் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வாரத்தில் நீங்கள் எழுதியிருந்த வீட்டுச் செய்திகளை நிதானமாகப் படித்தேன். பெரிய மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர இருப்பதும், சின்னவன் ஆறாம் வகுப்புக்குப் போவதும், விசைப்படகில் தொழில் செய்யும் உங்கள் கணவர் மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் காசிமேட்டில் வலை சீர்செய்யும் வேலையில் இருந்ததும் அறிந்து மகிழ்ந்தேன். அவற்றோடு இந்தக் கோடையில் கண்ட வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சிகளையும் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மதியம் மொட்டை மாடியில் தண்ணீர்க் குடத்துக்கு நிழலே இல்லை என்று மகன் ஓடி வந்து சொன்னான். அக்னி நட்சத்திரத்தின்போது சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. ஜூன் தொடக்கத்தில் ஓர் இரவு கரையில் அலை உடையும் இடமெல்லாம் நீல ஒளி மின்னியது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்த உங்கள் மாமியார், 2004இல் கடல் வந்ததுபோல் மறுபடி ஏதோ வரப்போகிறது என்று சொல்வதாகவும், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை அச்சுறுத்திய இந்த மூன்றினாலும் யாருக்கும் ஒரு தீங்கும் வராது. மூன்றும் எந்தக் கேட்டுக்கும் அறிகுறி அல்ல. ஆனால் அதே செய்திகளுக்கிடையே வேறு மூன்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காற்றே இல்லாத ஒரு மாலையில் கடல் கருங்கல் தடுப்பைத் தாண்டி வந்து, காயப்போட்ட வலையை இழுத்துச் சென்றது. இடி இடித்துக்கொண்டிருந்தபோது மகள் மாடியில் நின்று வடாம் அள்ளினாள். வலைக் கொட்டகையில் உங்கள் கணவருக்குத் தலை சுற்றி, கால் தசை பிடித்துக்கொண்டது. உயிரைப் பற்றியவை இவைதான். எனவே முதல் மூன்றை விளக்கி உங்கள் மனத்தை ஆற்றிவிட்டு, பின் மூன்றைப் பற்றிக் கூடுதலாக எழுதப் போகிறேன்.

மகன் நிழலைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. சென்னை, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மார்ச் 21ஐ ஒட்டிப் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஜூன் 21ஐ ஒட்டிக் கடக ரேகையை எட்டிவிட்டுத் திரும்புகிறது. ஆகவே போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் நம் தலைக்கு நேர் மேலாகக் கடந்தே தீர வேண்டும். சென்னைக்கு அந்த நாள்கள் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் வருகின்றன. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி ஒருபோதும் கிடைக்காது, ஏனென்றால் சூரியன் அவ்வளவு வடக்கே போவதில்லை. ஆகஸ்டில் மகனுக்கு மறுபடி காட்ட விரும்பினால், மாடியில் சமமான தரையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நேராக நிறுத்தி, பகல் 12 மணி 13 நிமிடத்துக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் அந்த நேரம் 12 மணி 7 நிமிடமாக இருந்திருக்கும். இந்தியாவின் கடிகார நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், சென்னையில் உச்சி வேளை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இன்னொன்றையும் அவன் கவனிக்கட்டும். இந்த இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், உச்சி வேளை நிழல் தெற்குப் பக்கம் விழும். ஜூனில் உங்கள் வீட்டு வடக்குச் சுவரில் மதிய வெயில் படுவதற்கும் இதுவே காரணம்.

சூரியனைச் சுற்றிய வட்டம் பனித்துகள்களால் உண்டாவது. நாம் கீழே வெந்துகொண்டிருக்கும் அதே மே மாதத்தில், தலைக்கு மேலே ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் உறைநிலைக்கு மிகக் கீழே இருக்கிறது. அங்கே மெல்லிய வெண்திரை போலப் படரும் கீற்று மேகம் முழுவதும் அறுகோண வடிவிலான நுண்ணிய பனிப் படிகங்களால் ஆனது. சூரிய ஒளி அவற்றின் ஒரு பக்கத்தில் நுழைந்து இன்னொரு பக்கத்தில் வெளியேறும்போது ஏறத்தாழ 22 டிகிரி வளைகிறது. அந்தக் கோணம் மாறுவதில்லை. ஆகையால் வட்டமும் எப்போதும் ஒரே அளவில்தான் தெரியும். நிலவைச் சுற்றி இதே வட்டம் கட்டும்போது கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால், கட்டை விரல் நிலவின் மேல் இருக்க, சுண்டு விரல் வட்டத்தைத் தொடும். சூரியனிடம் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பார்க்க விரும்பினால் ஒரு கட்டடத்தின் மூலையால் சூரியனை முழுவதும் மறைத்துக்கொண்டு வட்டத்தை மட்டும் பாருங்கள்.

அகல் வட்டம் பகல் மழை என்று உங்கள் மாமியார் சொல்லியிருக்கக் கூடும். அந்தப் பழமொழியில் அனுபவம் இருக்கிறது. வங்கக் கடலில் தொலைவில் புயலோ பெரிய இடிமேகக் கூட்டமோ உருவாகும்போது, அதன் உச்சியிலிருந்து சிதறும் பனி மேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி முன்னதாகவே நம் வானத்தை எட்டிவிடும். 2010 மே மாதத்தில் லைலா புயலும், 2016 மே மாதத்தில் ரோவானு புயலும் சென்னைக் கரையோரமாகக் கடந்து மழை தந்ததை வடசென்னை மறந்திருக்காது. ஆனாலும் வட்டம் கட்டிய நாள்கள் எல்லாவற்றிலும் மழை வருவதில்லை. அந்த மேகம் மழை மேகத்தின் விளிம்பாக இருக்கலாம், தனியே மிதந்து வந்ததாகவும் இருக்கலாம். மழை வருமா என்று கேட்டால் அந்த வட்டத்தைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கேடு வருமா என்று கேட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

கடல் ஒளிர்ந்ததற்குக் காரணம் நாக்டிலுக்கா என்னும் ஒற்றைச் செல் உயிரி. ஒரு கசகசா மணி அளவே உள்ள இது, தன்னைத் தண்ணீர் அசைத்தால் உடம்புக்குள் ஒரு வேதிவினை நடந்து ஒரு கணம் நீலமாக மின்னும். அலை உடையும் இடத்திலும் நீங்கள் கால் வைத்த இடத்திலும் மட்டும் ஒளி தெரிந்து, அமைதியான நீரில் தெரியாமல் போனதற்கு அதுவே காரணம். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கரைகளிலும், 2024 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கரைகளிலும் இது பெரிதாகத் தோன்றி ஊரே திரண்டு பார்த்தது. மங்கலான ஒளி வேறு மாதங்களிலும் உண்டு. இருட்டில் வலை இழுத்த மீனவர்களுக்கு அது புதிதாக இருக்காது, உங்கள் கணவரையே கேட்டுப் பாருங்கள்.

ஜூன் தொடக்கத்தில் அது பெருகியதற்கு ஒரு வாய்ப்புள்ள காரணத்தை உங்கள் எழுத்திலேயே கண்டேன். வெயில் கொளுத்திய நாள்களிலும் கடல் தண்ணீர் ஜில்லென்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோடையில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று கரையோரமாக நெடுநேரம் வீசினால், புவியின் சுழற்சியால் மேல் நீர் கரையை விட்டு விலகிப் போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஆழத்து நீரில் உரச்சத்து மிகுதி. அதை உண்டு நுண்பாசிகள் பெருகும். பாசிகளை உண்டு நாக்டிலுக்கா பெருகும். மீன் வளம் பெருகுவதும் இதே சங்கிலியால்தான். ஆகவே இதை ஒரு கெட்ட சகுனமாகக் கொள்ள எந்த நியாயமும் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இவ்வுயிரி அளவு மீறிப் பெருகினால் நீரில் அம்மோனியா கூடி, பிராணவாயு குறைந்து, மீன்கள் இறக்கும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் பூங்கோரை என்று மீனவர்கள் சொல்லும் பச்சை நிறப் பெருக்கம் உண்டாகி மீன்கள் செத்து ஒதுங்கின. எனவே கரையில் தானாகச் செத்து ஒதுங்கிய மீனை எந்தக் காரணத்துக்காகவும் சமைக்க வேண்டாம். நீர் நிறம் மாறிக் கெட்ட வாடை வீசினால் பிள்ளைகளை அதில் இறக்க வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் கோடையில் மணல் சேர்ந்து நீரோட்டம் குறையும்போது மீன் சாவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதையும் இதையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

இனி, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன அந்த மாலைக்கு வருகிறேன். காற்று இல்லை, வானம் தெளிவாக இருந்தது, ஆனால் அலை மட்டும் பெரிதாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கேரளத்திலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்று சொல்லப்படுவதற்கு இந்த விவரம் மிகவும் ஒத்துப்போகிறது. இந்தியப் பெருங்கடலின் தென் கோடியில், ஆஸ்திரேலியாவின் அட்சரேகைக்கும் தெற்கே, பெரும் புயல்கள் கடலைக் கிளறும்போது புறப்படும் அலைகள், நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து ஐந்தாறு நாள்களில் நம் கரையை அடைகின்றன. அனுப்பிய புயல் நமக்குத் தெரியாது. அது பற்றி நம் ஊர் வானத்தில் ஒரு தடயமும் இருக்காது. திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர் வந்தது. உள்ளூர்க் காற்றால் எழும் அலைகள் ஐந்து முதல் எட்டு நொடிக்கு ஒன்றாக வரும். தொலைவிலிருந்து வரும் இந்த அலைகளுக்கிடையே பதினைந்து நொடி வரையிலும் அதற்கு மேலும் இடைவெளி இருக்கும். இடைவெளி நீளமாக இருப்பதால் கடல் அமைதியாக இருப்பதுபோல் ஒரு மயக்கம் உண்டாகும். அந்த அமைதியை நம்பி இறங்கியவரை அடுத்த அலை தூக்கிச் செல்லும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். கடலைப் பற்றி எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரம் அது.

குமரிக் கரையில் வரும் அளவுக்கு வலுவாகக் கள்ளக்கடல் நம் பக்கம் வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் வடசென்னைக் கரைக்குத் தனியாக ஒரு பலவீனம் இருக்கிறது. நம் கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே தடுத்துவிட்டன. மெரினா இன்று அவ்வளவு அகலமாக இருப்பதும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் தெருக்களைத் தின்றதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள். மணல் இல்லாத கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் எனப்படும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளைக் கட்டினார்கள். அவை வீடுகளைக் காக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மணல் கரையில் அலை தவழ்ந்து வந்து வலுவிழக்கும். கல்லில் அது மோதி மேலே எழும்பும். அந்தக் கற்களின் கீழ்ப் பகுதி முழுவதும் பாசி படர்ந்து வழுக்கும், இடுக்குகளில் கால் சிக்கினால் எடுக்க முடியாது. மாலையில் குடும்பத்தோடு போய் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து காற்று வாங்கும் வழக்கம் திருவொற்றியூரில் எல்லோருக்கும் உண்டு என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். அலைகளுக்கிடையே எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடிகிற நாளில் பிள்ளைகளைக் கல்லின் மேல் ஏற விடாதீர்கள். ஹைதராபாத்தில் இருந்து இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளுக்கு முன்னரே எச்சரிக்கை தருகிறது. அது கைபேசியிலேயே கிடைக்கும்.

மின்னலுக்கு வருவோம். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் சூடான கச்சான் காற்றும், கிழக்கிலிருந்து நுழையும் ஈரமான கடற்காற்றும் நகருக்கு உட்புறமாகச் சந்திக்கும்போது காற்று மேலெழுந்து இடிமேகம் உருவாகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் உருவாகும் அந்த மேகம் மாலையில் அல்லது முன்னிரவில் கடலை நோக்கி நகர்ந்து நம் மேல் வரும். மழை தொடங்கும் முன்பே, மேகம் இன்னும் மேற்கே இருக்கும்போதே மின்னல் தாக்கக் கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் துணியும் வடாமும் எடுக்க மாடிக்கு ஓடுகிறோம். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னலால் இறக்கிறார்கள். வேறெந்த இயற்கைச் சீற்றத்தையும்விட இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் மாடியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. அந்த நேரத்தில் குழாயையும் கம்பி வழித் தொலைபேசியையும் தொட வேண்டாம். வடாம் நனைந்தால் நனையட்டும், மறுபடி பிழியலாம்.

உங்கள் கணவருக்கு வந்த தலைச்சுற்றலை நீங்கள் வேலைக் களைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வெப்பத் தளர்ச்சியாகத்தான் தோன்றுகிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி செல்சியஸ்; அது பதிவான நாள் 2003 மே 31. அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 28ஐ ஒட்டி முடிந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். பஞ்சாங்கத்தில் கத்திரி கழிந்துவிட்டது என்று நாம் ஆசுவாசப்படும் நேரத்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைக் கடந்து, ஈரம் இழந்து, நெருப்பாக நம் பக்கம் இறங்குகிறது. அது வலுவாக இருந்தால் கடற்காற்று உள்ளே வர முடியாமல் பிற்பகல் வரை வெளியே நிற்கும். அன்று வெப்பம் நாற்பதைத் தாண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு துன்பம் உண்டு. கடற்காற்று வந்தால் வெப்பமானியில் எண் குறையும், ஆனால் காற்றில் ஈரம் கூடிவிடுவதால் வியர்வை உலராது. உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால்தான். வழிந்து ஓடும் வியர்வையால் உப்பும் நீரும் போகுமே தவிர உடல் சூடு தணியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகையின் கீழ் காலை முதல் குனிந்து வலை கட்டுபவருக்குக் கால் தசை பிடிப்பது முதல் எச்சரிக்கை, தலைச்சுற்றல் இரண்டாவது. அந்த நிலையில் நிழலில் படுக்கவைத்து, உடம்பில் ஈரத் துணி போட்டு விசிறி, உப்பு போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தால் தேறிவிடுவார்கள். ஆனால் பேச்சு குழறி, ஆள் தடுமாறி, தோல் கொதித்தால் உடனே 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. வண்டி வரும் வரை தண்ணீரை ஊற்றி ஊற்றி உடம்பைக் குளிர்விப்பதே உயிர் காக்கும். கொட்டகை வேலையைக் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ள முடியுமா என்று அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே படகு உரிமையாளரிடம் அவர் பேசிப் பார்க்கட்டும்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் இலேசாகக் கருதவில்லை. 2004 டிசம்பர் 26ஐக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குக் கடலில் எது மாறினாலும் நெஞ்சு பதறும். ஆனால் அன்று வந்த முன்னறிகுறி ஒளியோ வட்டமோ அல்ல. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி நடுங்கியது. அதிர்வை அப்போதே சென்னையில் பலர் உணர்ந்தார்கள். அலை வந்தது 9 மணியை ஒட்டி. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தும், சொல்ல ஆளில்லை. இன்று நிலைமை வேறு. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டுச் சென்னையில் கட்டடங்கள் ஆடியபோது, எச்சரிக்கை உடனே வெளியாகி, பெரிய அலை இல்லை என்று உறுதியானதும் அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது. பாறைத் தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழவில்லை. ஆகவே அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தரை நெடுநேரம் ஆடினாலோ, சில நிமிடங்களில் கடல் வழக்கமான வற்றத்தையும் தாண்டி வெகுதூரம் உள்வாங்கினாலோ, யாரும் அறிவிக்கக் காத்திராமல் மேற்கே உள்ளே போய்விட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சற்றே உள்வாங்குவது அந்த வகையில் சேராது.

தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிவதால், அடுத்த வாரம் உங்கள் கணவர், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் முதல் தங்கலுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார். இரண்டு மாத வருமானம் இல்லாத வீட்டில் அந்த அவசரம் நியாயமானது. ஆனாலும் ஜூன் மாதக் கச்சான் பலமாக வீசும் நாள்களில், கரையிலிருந்து பார்க்கும்போது தட்டையாகத் தெரியும் கடல், பத்துக் கடல் மைல் தாண்டியதும் கொந்தளிப்பாக மாறும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் அறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படும் நாளை முடிவு செய்யச் சொல்லுங்கள். இழுத்துச் செல்லப்பட்ட வலைக்குப் பதில் வாங்கும் வலையைக் கருங்கல் தடுப்பின் மேல் காயப்போடாமல், சாலைக்கு மேற்கே ஓர் இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.